கை நனைக்காமல் வந்தவன்

திங்கட்கிழமை காலை செல்வி வந்து, "இந்த மாசத்தோட நின்னுக்கிறேன் சார்" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சின்னசேலம் பக்கம் நான் நடத்தும் ஜவ்வரிசி ஆலையில், பதினோரு வருஷமாகக் காயவைக்கும் களம் அவர் பொறுப்பு. கல்வராயன் மலைப்பக்கம் லேசாகக் கறுத்தால் போதும்... நான் செருப்பைத் தேடுவதற்குள் களம் முழுக்கத் தார்ப்பாய் போர்த்தியிருப்பார். அப்படிப்பட்ட ஆளை விட முடியுமா?

"சம்பளம் ஏத்தித் தரேம்மா."

"அட போங்க சார். நான் போற எடத்துல இதவிட கம்மிதான்."

கம்மிக்குப் போகிறாராம்! தூக்கிவாரிப் போட்டது. போனஸ் என்றேன், லீவு என்றேன். அசையவில்லை. போன வாரம்தான் பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில், ஊழியர் மனசைப் பிடிப்பது எப்படி என்று ஊருக்கு உபதேசம் செய்திருந்தேன் - தேவையா எனக்கு?

விடாமல் நச்சரித்தேன். கடைசியில் வாயைத் திறந்தார்.

"எங்க புது வூட்டுக்கு வந்தீங்க. கடிகாரம் குடுத்தீங்க. சோறு ரெடியா இருந்துச்சி. கை நனைக்காம கெளம்பிட்டீங்க."

"அவசர வேலைம்மா..."

"அன்னிக்கு மத்தியானம் நெல் மண்டிக்காரர் வூட்டுக் கல்யாணத்துல, பந்தியில குந்திக்கினு இருந்த போட்டோவ நீங்கதான ஸ்டேட்டஸ் வச்சீங்க? 'இத்தினி வருசம் ஒழைக்கிற, ஒன் வூட்ல ஒரு வாய் சாப்ட மாட்டாரா'ன்னு எங்காளுங்க கேக்குறாங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

அந்தப் பந்திக்கு அரை மணி நேரம் வரிசையில் நின்றவன்தானே நான்? செல்வி தெருவுக்கு வந்தபோது மட்டும் எங்கிருந்து வந்தது அவசரம்? பதில் எனக்குத் தெரியும். எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

ஒரு வாரம் தூக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"பசிக்குதும்மா."

செல்வி பாய் விரித்து, தட்டு வைத்து, சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சத்தியமாக, நல்ல ருசி! அவர் முகத்திலும் லேசாகச் சிரிப்பு வந்தது. அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம்.

முடியவில்லையே! கை கழுவும்போதே கேட்டுவிட்டேன். "அப்போ... வேலைக்கு வந்துடுவ இல்லம்மா?"

சிரிப்பு நின்றது.

"ஓ... இதுக்குத்தான் சாப்ட்டீங்களா சார்?"