சோப்பு போட்டு அடக்கிய சத்தம்

எழுபதுகளில் எளாவூரில் குடியிருந்தோம். எங்கள் பழைய காரை எடுக்கும்போதெல்லாம் ஃபேன் பெல்ட் பக்கம் கிறீச்சென்று சத்தம் வரும். பலரும் செய்வதுபோல் பெல்ட்டில் துணி சோப்பைத் தேய்ப்பேன். அடங்கும், மறுநாள் மறுபடி கத்தும். நிறைமாதமாக இருந்த என் மனைவி, "மெக்கானிக்கிட்ட காட்னீங்களா?" என்று தினமும் கேட்டாள். சோம்பலில், "காட்டிட்டேன், ஒண்ணுமில்லையாம்" என்று பொய் சொன்னேன்.

வலி கண்டதும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கும்மிடிப்பூண்டி தாண்டியதும் பெல்ட் அறுந்து, என்ஜின் கொதித்து, வண்டி நின்றுவிட்டது. பானட்டைத் திறந்து, தண்ணீர் பம்ப்பின் தண்டிலேயே மாட்டியிருந்த ஃபேனைக் கையால் திருப்பினேன், அசையவில்லை. பழுது பெல்ட்டில் இல்லை, இறுகிப்போன பம்ப் பேரிங்கில் என்று அப்போதுதான் புரிந்தது.

கைகாட்டியதும் ஒரு லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து, பானட்டுக்குள் வெள்ளையாக அப்பியிருந்த சோப்பை எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, சோப்பு போட்டு வண்டிய குளிப்பாட்டிக்கினு இருந்தியா? அம்மாவ ஏத்து, சீக்கிரம்!" என்றார்.

லாரியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு மனைவி முனகினாள்: "நல்லா பாத்தான் அந்த மெக்கானிக்! அவன் வெளங்குவானா?"

ஆஸ்பத்திரியில் இறங்கிய சற்று நேரத்தில் மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

இப்போது எந்த வண்டி கத்தினாலும் என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, பெல்ட் ஓடும் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்கிறேன். என் மனைவி இன்றும் அந்த மெக்கானிக்கைத் திட்டுகிறாள். இது அச்சில் வந்ததும் நானே அவளுக்குப் படித்துக் காட்டப்போகிறேன்.