நேப்பிள்ஸ் நீலம்

லிங்கசாமியின் வலது கை போனது ஒரு டப்பா நீலப் பெயிண்டால். கம்பியை ஓங்கியது வேறு ஆட்கள். காட்டிக்கொடுத்தது அந்த நீலம்.

அவன் போர்டு எழுதுகிறவன். பனியன் கம்பெனி முதலாளி மயில்சாமி, இத்தாலிக்காரர் ஒருவர் தந்த காலண்டரைக் காட்டி, அதிலிருந்த நேப்பிள்ஸ் துறைமுகத்தை ஆபீஸ் சுவர் முழுக்க வரையச் சொன்னார். மலை, மாடி வீடுகள், கப்பல் எல்லாம் வந்துவிட்டன. கடலைக் கண்ணால் பார்த்திராதவனுக்கு அதன் நிறம் மட்டும் பிடிபடவில்லை. சாயப்பட்டறை மாஸ்டர் நாலு நாள் கலந்து பார்த்துக் கொடுத்தார். அந்த நீலம் திருப்பூரில் வேறு யாரிடமும் கிடையாது.

பாதிக் கடல் முடிந்தபோது, எண்பத்து நாலில், விலைவாசிக்கேற்பப் பஞ்சப்படி கேட்டு ஊரே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அவன் மனைவி மருதாள் அதே கம்பெனியில் தைத்த பனியனின் நூல் பிசிர் வெட்டுகிறவள். அவளும் இறங்கினாள். கம்பெனி மதிலில் 'பஞ்சப்படி கொடு' என்று லிங்கசாமி எழுதும்போது சிவப்பு தீர்ந்துவிட்டது. நல்ல பெயிண்டைக் காயவிட எந்த போர்டுக்காரனுக்கு மனசு வரும்? பெட்டியில் மிச்சமிருந்த நீலத்தில் கடைசி எழுத்தை முடித்தான், மடையன்.

மறுநாள் கம்பெனி ஆட்கள் நாலு பேர் மறித்தார்கள். கையைக் கல்மேல் அழுத்திப் பிடித்துக் கம்பியால் அடித்தார்கள். விரல்கள் ஒவ்வொன்றாக நொறுங்கின. தடுக்க ஓடிவந்த மருதாளைத் தலைமயிரைப் பிடித்திழுத்துச் சாக்கடையில் தள்ளினார்கள்.

மூன்றாம் வாரம் ஒருநாள் காலையில் மயில்சாமியே வீடு தேடி வந்தார். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மத்தியானம் இத்தாலிக்காரரு வர்றாரு. இடக்கையிலயாச்சும் படத்த முடிச்சுக் குடு கண்ணு."

"போகாதீங்க. மறுக்காவும் அடிப்பானுங்க," என்றாள் மருதாள்.

போனான். ஆபீசில் வைத்திருந்த மீதி நீலத்தால் கடலை நிரப்பினான். படத்து வீடுகளின் கூரைகளுக்குப் போக அங்கே மிஞ்சியிருந்த சிவப்பை எடுத்து, கடல்மேல் கோணல்மாணலாக, ஆளுயரத்துக்குப் 'பஞ்சப்படி கொடு' என்று எழுதி முடித்தான். வாசலில் கார் வந்து நின்றது.

என்ன எழுதியிருக்கிறது என்று இத்தாலிக்காரர் கேட்டார். உங்கள் ஊர்ப் பெயர்தான் என்றார் மயில்சாமி, பல்லைக் கடித்துக்கொண்டு. இத்தாலிக்காரர் பூரித்துப்போய் அதன்கீழ் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

கார் போகும்வரைதான் பொறுத்தார்கள். அன்று இடது கையும் போயிற்று.

அதன்பிறகு பன்னிரண்டு வருடம், சாகும்வரை, மருதாள் ஊட்டித்தான் சாப்பிட்டான். யாராவது, "அந்தப் படம் பாதியிலயே நின்னுபோச்சுங்களா?" என்று கேட்டால் மட்டும் நிமிர்ந்து உட்காருவான்.

"இல்லீங்க. முடிச்சுக் குடுத்துட்டுத்தான் வந்தேன்."