பேசிக்கிட்டே மேடு ஏறுற ஆளு

டாக்டர் என் முதுகுல குழாய வச்சுக் கேட்டாரு. நான்தான் சும்மா இருக்க மாட்டேனே. "என்ன சாப், உள்ள ரேடியோ பாடுதா?"ன்னு ஹிந்தில கேட்டேன். அவரு சிரிக்கல. "விசில் அடிக்குது"ன்னாரு.

மர மில்லுல மஸ்தூரா, கூலி ஆளா, சேந்து மூணு வருஷம் ஆயிருந்துச்சு. ரம்பத்துக்குப் பக்கத்துல நின்னு பலகை இழுக்குற வேல. சோத்தவிட மரத்தூள்தான் அதிகம் தின்னிருப்பேன். அந்த வருஷம் டெம்பரரி ஆளுங்கள பக்கா ஆக்குறோம்னு மெடிக்கல் வச்சாங்க. டாக்டர் காயிதத்துல என்னமோ எழுதிட்டு, "ஆறு வாரம் கழிச்சு வா. அப்பவும் விசில் இருந்தா மஸ்டர் நோட்டுலேருந்து உன் பேர எடுத்துருவாங்க"ன்னாரு.

பேரு போனா வேல மட்டும் போகாது. டெய்ரி ஃபார்ம் மேட்டுல மில்லு குடுத்த ஒத்த ரூம்புல அம்மா, ரெண்டு தங்கச்சிங்க, நான். அந்த ரூம்பும் போகும். அப்பா எங்கள இந்தத் தீவுக்கு ஜஹாஜ்ல, அதான் கப்பல்ல, கூட்டியாந்துட்டு ரெண்டாவது மழையிலயே செத்துப்போனாரு. மெயின்லேண்டுல எங்களுக்கு எறங்குற எடம் தெரியும். எறங்கி எங்க போறதுன்னுதான் தெரியாது.

"மருந்து இல்லையா சாப்?"

"தூசிய விட்டுத் தள்ளி இரு. மூச்சுப் பழக்கம் யார்கிட்டயாவது கத்துக்க. பேசிக்கிட்டே மேடு ஏற முடிஞ்சா மூச்சு தேறிருச்சுன்னு அர்த்தம்."

ரம்பத்துக்குப் பக்கத்துல நிக்கிறவன தூசிய விட்டுத் தள்ளி இருங்கிறாரு. அதக் கேட்டு எனக்கு மட்டும்தான் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சதும் இருமல் வந்துச்சு.

அஞ்சாவதோட படிப்ப விட்டவன்தான் நான். ஆனா டாக்டர் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைய மட்டும் கெட்டியா புடிச்சுக்கிட்டேன். எங்க மேடு லேசுப்பட்டது இல்ல. ரெண்டு வளைவு, நடுவுல படி கூட கெடையாது, மழை பேஞ்சா ஆடு சறுக்கும். எனக்குச் சொல்லித்தர வர்ற ஆளு அதுல பேசிக்கிட்டே ஏறணும். ஏறுனா அவருதான் வாத்தியாரு, இல்லன்னா வந்த வழியே போகட்டும். எனக்கு வேற எந்தப் பரீச்சையும் வைக்கத் தெரியாது.

மொதல்ல பஜார்ல ஒரு பெங்காலி பாபு. வெள்ளச் சர்க்கரை உருண்டை குடுக்குற வைத்தியரு, பிராணாயாமமும் தெரியும்னாங்க. ஏழு நாள்ல உன் நெஞ்சு புல்லாங்குழல் மாதிரி ஆயிரும்னாரு. "ஏற்கெனவே அப்படித்தான் ஊதுது பாபு, அத நிறுத்தணும்"னேன். அம்மாவப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு மேட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். ஏறும்போதே கேள்வி மேல கேள்வி கேட்டேன். மொத வளைவு வரைக்கும் பதில் வந்துச்சு. அப்புறம் தலைய மட்டும் ஆட்டுனாரு. ரெண்டாவது வளைவுல நின்னு, "எவ்ளோ அழகான காட்சி"ன்னு இடுப்புல கைய வச்சுக்கிட்டாரு. அங்கேருந்து பாத்தா தெரியறது எங்க லைன் கக்கூஸ் மட்டும்தான்.

அடுத்து பட்டாளத்துலேருந்து வந்த ஒரு பயில்வான். ஹிந்திக்காரரு. அவரு பேசவே மாட்டாரு, அதனால அந்தப் பரீச்சையே ஓடல. மேட்டு அடிவாரத்துலயே என்ன அம்பது தடவ உக்காந்து எந்திரின்னாரு. பதினெட்டுலயே கண்ணு இருட்டிருச்சு. உதடெல்லாம் நாவப்பழம் தின்ன மாதிரி ஆயிருச்சுன்னு அப்புறமா தங்கச்சி சொன்னா. ஓரமா ஒரு கல்லு மேல உக்காந்து, கரையில கெடக்குற மீனு மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுனேன். உள்ள எதுவுமே போகல. அன்னைக்குத்தான் மொதல் தடவையா, வேலைய விடு, நான் செத்துருவேன்னே நெனச்சேன். பயில்வான், "மர்த் பனோ"ன்னு முதுகுல ஒன்னு போட்டுட்டுப் போயிட்டாரு. ஆம்பளையா இருக்கணுமாம்.

அப்பத்தான் அந்த அக்கா என்னத் தாண்டிப் போச்சு.

மேட்டு உச்சியில டீக்கடை வச்சிருந்த அக்கா. என்னவிட பத்து வயசு கூட இருக்கும். ரங்கூன்லேருந்து வந்த குடும்பம். ரெண்டு கையிலயும் மண்ணெண்ண டின்னு நெறய தண்ணி. கீழ குழாயடியில யாரோ வரிசையில புகுந்துட்டாங்க போல. அதுக்குத் தமிழ்லயும் ஹிந்திலயும் பர்மாப் பேச்சுலயும் திட்டிக்கிட்டே ஏறுது. மொத வளைவு தாண்டுது, திட்டு நிக்கல. ரெண்டாவது வளைவு தாண்டுது, இப்ப குழாயடிக்காரியோட மாமியாரையும் சேத்துத் திட்டுது. உச்சிக்குப் போய் டின்ன வச்ச சத்தம் கேக்குற வரைக்கும் அந்தக் கொரலு ஒரு எடத்துலயும் ஒடையல.

எனக்கு வேண்டிய வாத்தியாரு அதுதான். ஆனா அந்த அக்காவுக்குக் கொக்குன்னு பேரு வச்சதே நான்தான்.

முந்தின வருஷம் அது கடைக்குப் பக்கத்துல இருக்குற காலி எடத்துல தெனம் காலையில நிக்கும். முட்டிய லேசா மடக்கி, ரெண்டு கையயும் மெதுவா தூக்கி, மெதுவா எறக்கும். ரங்கூன்ல பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா சொல்லிக் குடுத்த மூச்சுப் பழக்கமாம், ச்சிகுங்னு பேராம். நமக்குத் தெரிஞ்சதெல்லாம் வேடிக்கைதானே. மில்லுச் சங்கு ஊதி ஆளெல்லாம் எறங்குற நேரம் பாத்து, நான் தாரு டின்னு மேல ஏறி, துண்ட முந்தானையா போட்டு, அதே மாதிரி கைய ஆட்டி, "கொக்கு பறக்குது, வழி விடுங்கடா"ன்னு கத்துவேன். மேடே சிரிக்கும். ஒரு மாசம் இப்படி ஓட்டுனேன். அப்புறம் அந்த அக்கா வெளிய நிக்கிறத விட்டுருச்சு. என் வேடிக்கை முடிஞ்சு போச்சேன்னுதான் எனக்கு வருத்தம்.

மறுநாள் கடைக்குப் போயி நின்னேன்.

"என்னடா, டீயா?"

"இல்லக்கா. அந்த... மூச்சு..."

"எந்த மூச்சு?"

"நீ கைய தூக்குவியே."

"கொக்கா?"

 ஆறு வாரத்துல ரெண்டு வாரம் ஏற்கெனவே போயிருச்சு. டாக்டர், ரூம்பு, தங்கச்சிங்க எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லப் பாத்தேன். பாதியில மூச்சு நின்னு, மிச்சத்த கையாலதான் காட்டுனேன். அது டீ ஆத்திக்கிட்டே பாத்துச்சு.

"நான் விட்டுட்டேன்னு நெனச்சியா? உள்ள கதவ சாத்திக்கிட்டுப் பண்றேன்டா. அடுப்புப் புகைக்குள்ள. மூச்சுப் பழக்கத்த புகைக்குள்ள பண்ற பைத்தியக்காரி உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். எல்லாம் உன்னாலதான்."

"தப்புதான்க்கா."

"தப்பு கெடக்குது. எனக்கும் இப்பல்லாம் காலையில இருமல் வருது, தெரியுமா? நாலு வாரத்துல விசில் போயிருமான்னு கேட்டா, போகாது. அந்தச் சீனத்தம்மா என்ன மூணு மாசம் சும்மா நிக்க மட்டும்தான் வச்சா. ஏழு நாள்ல ஆகும்னு எவனாவது சொன்னா அவன்கிட்டயே போ."

"அவருகிட்டேருந்துதான்க்கா வர்றேன். சொல்லிக் குடு."

அது டீ கிளாச எறக்கி வச்சுச்சு. "குடுக்குறேன். ஆனா உள்ள இல்ல. அந்தக் காலி எடத்துல. சங்கு ஊதுற நேரத்துல."

"அக்கா, எல்லாப் பயலும் பாப்பானுங்களே!"

"பாக்கட்டும். அவனுங்க உன்னப் பாத்துச் சிரிக்கட்டும். அந்தச் சந்தடியில நான் வெளிய வந்து என் பாட்டுக்கு நின்னுக்கிறேன்."

அப்படித்தான் நின்னேன். மொத வாரம் நிக்கிறது மட்டும்தான். முட்டி நடுங்கும். நெஞ்சத் தூக்காத, வயித்துக்கு மூச்ச விடு, இழுக்காத, வர்றப்ப வரட்டும்னு அக்கா சொல்லும். பேசவே கூடாது, அதுதான் பெரிய சட்டம். மில்லுப் பசங்க சும்மா இருப்பானுங்களா? நான் ஏறுன அதே தாரு டின்னு மேல ஒருத்தன் ஏறுனான். "அரே, ஜோடிக் கொக்குடா!"ன்னான். என் நாக்குல நாலு பதில் துடிக்கும், அத்தனையும் முழுங்குவேன். பக்கத்துல அந்த அக்கா கண்ணு பாதி மூடி கைய தூக்கும். அது மொகத்தப் பாத்தா, மழைக்கு அப்புறம் ஜன்னலத் தொறந்த மாதிரி இருக்கும். எனக்கு அப்படியெல்லாம் ஒன்னும் இல்ல. நாளு எண்ணிக்கிட்டேதான் நின்னேன். அம்மா வேற தெனமும் காதக் கொண்டாந்து என் முதுகுல வச்சு, "இன்னைக்குக் கொறச்சலாத்தான்டா இருக்கு"ன்னு பொய் சொல்லும்.

ஆறாவது வாரம் டாக்டர் திரும்பவும் குழாய வச்சாரு. நான் ரேடியோவப் பத்திக் கேக்கல.

"விசில் இருக்கு"ன்னாரு.

"சாப், நேத்து நான் பேசிக்கிட்டே மொத வளைவு வரைக்கும் ஏறுனேன். நீங்கதான சொன்னீங்க? வந்து பாருங்க சாப், இப்பவே ஏறிக் காட்டுறேன்."

அவரு பேனா மூடியத் தொறந்தாரு. "மேடு ஏறுறானான்னு இந்தக் காயிதத்துல கேக்கல. சத்தம் இருக்கா இல்லையான்னுதான் கேட்டிருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

கால்ல விழுந்தேன். அத எழுத எனக்குக் கூச்சமா இருக்கு, ஆனா விழுந்தேன். அவரு கால இழுத்துக்கிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டாரு.

எப்படி மேடு ஏறுனேன்னு ஞாபகமே இல்ல. டாக்டரத் திட்டுனேன், மில்லத் திட்டுனேன், ரம்பத்தத் திட்டுனேன், செத்துப்போன அப்பாவையும் விடல. உச்சியில டீக்கடை வாசல்ல நின்னப்பதான் பாத்தேன், நடுவுல எங்கயும் நிக்கவே இல்ல. ரெண்டு வளைவும் தாண்டி, பேசிக்கிட்டே. அந்த அக்காவும் அதக் கவனிச்சிருக்கும்.  ஒரு டீயக் கையில குடுத்துச்சு.

ரூம்ப காலி பண்ண ஒம்பது நாள் குடுத்தாங்க. மறுநாள் காலையில அம்மா ட்ரங்குப் பெட்டிய நடுவுல இழுத்துப் போட்டு அழுதுக்கிட்டே அடுக்குது. பாக்க முடியாம வெளிய வந்தேன். சங்கு ஊதுச்சு. மொதல் தடவையா அது என்னக் கூப்பிடல.

கடை வாசல்ல உக்காந்தேன். அந்த அக்கா கையத் தொடச்சுக்கிட்டு காலி எடத்துக்குப் போச்சு. திரும்பிப் பாத்துச்சு.

"வா."

"இனிமே எதுக்குக்கா? பேரே போயிருச்சு."

"டேய், நீ நிக்கலன்னா அவனுங்க என்னப் பாத்துச் சிரிப்பானுங்க. நான் மறுபடி புகைக்குள்ள போகணும். வா, நில்லு."

பசங்க எறங்கி வர ஆரம்பிச்சுட்டானுங்க. ஒருத்தன் தாரு டின்ன உருட்டிக்கிட்டு வந்தான். நான் எந்திரிச்சுப் போயி அவனுக்கும் அக்காவுக்கும் நடுவுல நின்னு, முட்டிய மடக்குனேன்.