ரோலர் மூக்கையாவின் காது

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவரை ‘ரோலர் மூக்கையா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தேயிலை ஸ்டோர் என்கிற ஆலையில் கொழுந்து சுருட்டும் ரோலர் மெசினோடு வாலிபத்தில் சேர்ந்தவர், தலை நரைத்தும் அதை விடவில்லை. அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. விரலை ஆட்டினால் கொழுந்து கொண்டுவா என்று அர்த்தம், நெஞ்சைத் தட்டினால் மேலதிகாரி டீமேக்கர் ஐயா வருகிறார் என்று அர்த்தம். மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்தே முடிந்துவிடும். அங்கே ஒருவனுக்குக் காது போனால் யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியவில்லை, பாவி மனுஷன்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுகளில் உலகம் அவருக்கு மெல்ல மெல்ல இதமாகிக்கொண்டு வந்தது. லயத்து வீட்டின் தகரக் கூரையில் மழை பஞ்சு போல விழுந்தது. குருவிகள் வேறு மலைக்குப் போய்விட்டன என்று நினைத்தார். பனி இறங்கும் சாயங்காலங்களில் கனவுக்குள் நடப்பவர் மாதிரி வீடு திரும்புவார். ஒன்றுதான் உறுத்தியது. மனைவி வேலாயி வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். தன்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று முடிவுகட்டி, அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவளோ புருஷன் தன்னை மதிப்பதில்லை என்று அழுதாள். இரண்டு பேரும் வருஷக்கணக்கில் சும்மா கோபித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் காற்றில் விளக்கு அணைந்தது.

“நெருப்புப்பெட்டிய எங்க வச்சீங்க?”

பதில் இல்லை. தடவி எடுத்து விளக்கை ஏற்றி, அதையே திரும்பக் கேட்டாள். உடனே பதில் வந்தது. வேலாயி விளக்கை ஊதி அணைத்துவிட்டு இன்னொன்று கேட்டுப் பார்த்தாள். மூச்சுப் பேச்சில்லை.

“ஐயோ, இவருக்குக் கோவமில்ல, காதுதான் கேக்கல! இத்தன நாளா வாயப் பாத்துத்தான் பதில் சொல்லியிருக்காரு!” என்று இருட்டிலேயே அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் இரகுநாதன் டொக்டர் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

“காதுக்குள்ள இருக்கிற நுண்ணிய உயிர்க்கலங்கள் மெசின் சத்தத்தாலை செத்துப் போச்சுது. இனித் திரும்ப முளைக்காது. எண்ணெய், கிண்ணெய் ஒண்டும் ஊத்தாதேங்கோ. ரோலரை விட்டால் மிச்சத்தைக் காப்பாத்தலாம். காதிலை போடுற கருவி உதவும்.”

மூக்கையா இரைச்சல் குறைந்த, கொழுந்து வாட்டும் மாடிக்கு மாறினார். கொஞ்ச மாதத்தில் கருவியும் வந்தது. மாட்டியதும் சட்டி, நாய், பக்கத்து வீட்டு ரேடியோ எல்லாம் ஒன்றாக உள்ளே நுழைந்தன.

“கேக்குதாங்க?” வேலாயி கிட்டே வந்து கேட்டாள்.

கேட்டது. தகரத்தைத் தேய்த்த மாதிரி கேட்டது. கல்யாணமான புதிதில் கேட்ட அந்தக் குரல் இனி வரவே வராது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“என்னங்க, எங்கொரலு மாதிரி இல்லையா?”

“ஒங்கொரலேதான் புள்ள. அந்தப் பக்கம் திரும்பிப் பேசு, ஒதட்டப் பாக்காமயே கேக்கும்.”

அவள் முதுகைக் காட்டி நின்று, இத்தனை வருஷத்துக் குறையையும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். மூக்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டினார்.