ஒல்லி கைடு வாங்கிய டாக்டரம்மா

மருத்துவக் கல்லூரிக்கு எதிரே புத்தகக் கடை வைத்திருந்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் லிஸ்ட்டு அண்ணன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் கல்லூரி கொடுத்த பட்டியலைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழித்தபடி வருவார்கள். அண்ணன் அதை வாங்கிப் படிக்கக்கூட மாட்டார். ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

"நீ பெரிய அனாடமி எடுத்துக்க, தாங்குவ. தம்பி, உனக்கு அது சரிப்படாது, முதல் பக்கத்துலயே தூங்கிருவ. ஒல்லி கைடு போதும். வெள்ளைக் கோட்டு ரெண்டு வாங்கிக்க, ஒண்ணு எப்படியும் பாழாயிரும். எலும்பு செட்டை ஹாஸ்டல்ல கட்டிலுக்கு அடியில வை, வீட்டுக்குக் கொண்டு போய் அம்மாவைப் பயமுறுத்தாத."

பேராசிரியர் சொன்னால்கூட மறுத்துப் பேசுகிற பிள்ளைகள் அண்ணன் சொன்னதை வாயைப் பொத்திக்கொண்டு வாங்கிப் போவார்கள். அவர் படித்தது பத்தாவது வரைக்கும்தான். அதிலும் அறிவியலில் இரண்டு முறை கோட்டை விட்டவர். அதைச் சொன்னால் அவருக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும்.

இருபத்தாறு வருடமாக யார் எந்தப் புத்தகம் வாங்கினார்கள் என்பது மட்டும் அவருக்கு அத்துப்படி. பெயர் மறந்துவிடும், புத்தகம் மறக்காது. இதனால் வந்த வினை, ஊரில் எந்த டாக்டரிடமும் அவரால் நிம்மதியாகப் போக முடியவில்லை. ஒரு தடவை காய்ச்சலுக்குப் போய்விட்டு மருந்துச் சீட்டோடு வீடு திரும்பியவர், "இந்தாளு மருந்துப் பாடத்தைக் கைடுலயே ஓட்டினவரு, இவரு எழுதின மாத்திரைய நான் முழுங்கவா?" என்று காய்ச்சலோடு படுத்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புத்தகக் கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது வலது அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்தது. பத்து மணிக்குள் சுருண்டுவிட்டார். மனைவி ஆட்டோவில் அள்ளிப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே வெட்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே வெடித்துவிடும் என்றார்கள்.

ஆபரேஷன் செய்யவேண்டிய டாக்டரம்மா உள்ளே வந்தாள். அண்ணன் வலியிலும் தலையைத் தூக்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ! சர்ஜரி ஒல்லி கைடு!"

"ஞாபகம் வச்சிருக்கீங்களே அண்ணே," என்று சிரித்தபடி அவள் கையெழுத்துப் போடவேண்டிய தாளை நீட்டினாள்.

"நான் போட மாட்டேம்மா. அந்தக் கைடுல குடல்வாலுக்கு ஒண்ணரைப் பக்கம்தான் இருக்கு. அதுலயும் பாதி படம். வேற டாக்டரக் கூப்பிடு."

"இன்னைக்கு நான் ஒருத்திதாண்ணே இருக்கேன்."

"உங்களுக்கு வந்திருக்கிறது வயித்து வலியா, வாய்க்கொழுப்பா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வெடிக்கப் போகுதுங்கறாங்க, இவரு பக்கத்த எண்ணிட்டுக் கெடக்காரு!"

டாக்டரம்மா கோபப்படவில்லை. அவர் நாடியைப் பிடித்தபடி, "பெரிய புத்தகத்தையும் படிச்சிருக்கேண்ணே," என்றாள்.

"எங்க வாங்கின? நான் விக்கலையே!"

"பஸ் ஸ்டாண்டு கடையில."

"அவங்கிட்டயா? பரோட்டா மாதிரி நாவலை அடுக்கி விக்கிறவங்கிட்டயா?" அண்ணனுக்கு வயிற்றுவலி ஒரு நிமிடம் மறந்தே போய்விட்டது.

"முதல்ல உங்க கடைக்குத்தான் வந்தேன். பெரிய புத்தகத்தக் கையிலயும் எடுத்துட்டேன். நீங்க வாங்கி அலமாரியில வச்சுட்டு, 'உனக்கு எதுக்கும்மா இது, பாஸ் பண்ணினாப் போதாதா'ன்னு கைடக் குடுத்தீங்க. ரெண்டு நாள் ஹாஸ்டல்ல அழுதேன். அப்புறந்தான் அங்க போனேன்."

அவள் சொன்னது பொய்யில்லை. அன்று அவள் போட்டிருந்த தேய்ந்த செருப்பையும் குச்சிக் கையையும் பார்த்து அண்ணன்தான் அப்படிச் சொன்னார். இப்படி எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார்? எல்லாரும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருப்பார்களா? அவருக்கு அழுகை வந்தது. வலியால் என்று மனைவி நினைத்தாள்.

"பெரிய புத்தகத்துல குடல்வால் எத்தனை பக்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"முப்பத்தெட்டு. எல்லாத்தையும் படிச்சேன்."

"பேனாவக் குடு."

கையெழுத்துப் போடும்போதே கதவுக்கு வெளியே ஆண் குரல் ஒன்று கேட்டது. மயக்க ஊசி போடும் டாக்டர் வந்துவிட்டார் என்றாள் நர்ஸ். மனைவிக்குத் திக்கென்றது. இந்த டாக்டர் என்ன புத்தகம் வாங்கித் தொலைத்தாரோ!

அண்ணன் சட்டென்று இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார்.

"வரச் சொல்லும்மா. நான் பாக்க மாட்டேன்."