கரண்ட் இல்லாத நேரத்தில்

கரண்ட் போனாலே எனக்குக் கெட்ட கோபம் வரும். அன்று மத்தியானமும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் இரும்புத் துரட்டியால் மாங்காய் பறித்தேன். துரட்டி நழுவி, மரத்தை ஒட்டிப் போகும் கரண்ட் கம்பியில் மாட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் ஆட்டி இழுத்து எடுத்தேன். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு அக்கா கை நீட்டினாள். “துரட்டிய இஞ்ச தா மக்கா. ஒரு சக்க பறிச்சிட்டுத் தாறேன்.”

கொடுத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அவளுடைய பலாமரத்துக்கு மேலேயும் அதே கம்பிதான் போகிறது.

வியர்த்த கழுத்தில் காற்று பட்டது. நிமிர்ந்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“அக்கா, துரட்டிய விடுங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். பலாமரத்தடியில் உயிர் போய்க் கிடந்தாள். கை மட்டும் துரட்டியை விடவில்லை.