உறைந்த எண்ணெயும் உருகிய எண்ணெயும்

ஆசிரியர் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. கல்லூரியில் இயற்பியல் படித்துப் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. மட்டாஞ்சேரியில் எங்கள் மளிகைக்கடைக்குப் பின்னால்தான் வீடு. மதியம் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வரும் என் கணவர், என் நோட்டுக்குப் பக்கத்தில் தட்டை வைத்துக்கொள்வார்.

சுழல் இயக்கம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நிலைமத் திருப்புத்திறன் சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். கணக்கு என்று வந்தால் கை ஓடாது. ஒரு நாள் அழுதேவிட்டேன்.

"என்ன கணக்கு அது? சொல்லு" என்றார் கணவர்.

"ஒரே எடை, ஒரே அளவு. ஒண்ணு கெட்டி உருளை, ஒண்ணு வெறும் குழாய். சரிவுல உருட்டினா எது முதல்ல கீழ வரும்?"

"ஒரே எடைன்னா ஒண்ணாத்தான வரும்?"

"இல்லங்க. குழாய்க்கு எடை முழுக்க ஓரத்துல. அதைச் சுத்த வைக்கறது கஷ்டம். கெட்டிதான் முந்தும்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "அப்ப தேங்காயெண்ணெய் டின்? ஒண்ணுல எண்ணெய் உறைஞ்சிருக்கு, ஒண்ணுல உருகியிருக்கு. எது முந்தும்?"

"ரெண்டும் ஒண்ணா வரும்" என்றேன், யோசிக்காமல்.

மறுநாள் மதியம் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். அரிசி மூட்டை இறக்கும் பலகையைப் படியில் சாய்த்து வைத்திருந்தார். கூல்டிரிங்ஸ் ஃபிரிட்ஜில் வைத்து உறைய வைத்த உருளை டின் ஒன்று, அலமாரியிலிருந்து எடுத்த அதே அளவு டின் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் உருட்டிவிட்டார். உருகிய எண்ணெய்தான் முந்தியது. மூன்று தடவை விட்டோம், மூன்று தடவையும் அதுதான்.

எதிர் சாயாக்கடைச் சேட்டன் எட்டிப் பார்த்து என் கணவரை மலையாளத்தில் விசாரித்தார். "எந்தா இக்கா இது?"

"இவளுக்குப் பரீட்சை" என்றார் கணவர்.

நான் மூட்டைமேல் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். உறைந்த எண்ணெய் டின்னோடு சேர்ந்து சுற்றுகிறது. உருகியது அவ்வளவாகச் சுற்றுவதில்லை. பெரும்பாலும் டின் மட்டும்தான் சுற்றுகிறது. சுற்றுவதில் ஆற்றல் குறைவாகச் செலவானால் ஓடுவதற்கு மிச்சம் அதிகம். சூத்திரத்தில் எது எங்கே உட்கார வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நான் சொன்னது தப்பு" என்றேன்.

"பரவாயில்ல, நான் நேத்து சொன்னதும் தப்புதான" என்று டின்களைத் துடைத்து அடுக்கினார்.

முதல் தடவை தேர்வில் தோற்றேன். அன்று அவர் சாயா போட்டுக் கொண்டுவந்தார். அடுத்த தடவை தேறினேன். தேவராவில் ஒரு பள்ளியில் வேலை என்று கடிதம் வந்த அன்று, காலை பதினொரு மணிக்கே கடையை அடைத்துவிட்டு உள்ளே வந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ரெண்டு பஸ் மாறணுமே. தினமும் நானே வண்டியில கொண்டு விடறேன்" என்றார்.